முப்பத்தெட்டாவது பள்ளி

மே மாதம் வந்தால் போதும், தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் உள்ள வீட்டு புரோக்கர்கள் எல்லாரும் சிவகுமாருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். "அண்ணா, லிஸ்ட் எப்பண்ணா? நம்ம ஏரியா ஸ்கூல் எத்தனாவது?" என்று டீ சொல்லிவிட்டுக் குழைவார்கள். சிவகுமார் டீயைக் குடிப்பார், தன் டீக்குத் தானே காசு வைப்பார், வாயைத் திறக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்புவார். லிஸ்ட் விஷயத்தில் மனிதர் நெருப்பு.

அவர் நடத்துவது 'ரயிலடி' என்கிற இலவச வாரப் பத்திரிகை. எட்டுப் பக்கம். அதில் ஆறரைப் பக்கம் மனை விற்பனை, கல்யாண மண்டபம், மூட்டுவலித் தைலம்; இடம் மிஞ்சினால் செய்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்குள் வந்து விழும். வருஷத்தில் ஐம்பத்தோரு வாரம் அதன் மேல் வெங்காயம் உரிப்பார்கள், மீனை மடித்துக் கொடுப்பார்கள். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. ஏனென்றால் மிச்சமிருக்கிற ஒரு வாரம் அதே பத்திரிகையைப் பத்திரமாக மடித்து பீரோவில் வைப்பார்கள். அதுதான் பள்ளிப் பட்டியல் வாரம்.

சுற்றுவட்டாரத்தில் பத்தாம் வகுப்பு உள்ள பள்ளிகள் முப்பத்தெட்டு. அத்தனைக்கும் அவரே நேரில் போவார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு எழுபது மார்க். கழிப்பறை, நூலகம், திடல், குடிநீர் எல்லாம் சேர்த்து முப்பது. நூற்றுக்கு மார்க் போட்டு, ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை வரிசையாக அச்சடித்துவிடுவார். முதலிடப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை ஏறும். கடைசி இடப் பள்ளியின் பெயரை அந்தத் தெருக்காரர்களே சொல்லக் கூசுவார்கள். பட்டியலின் அடியில், கறுப்புக் கட்டத்துக்குள், ஒன்பது வருஷமாக ஒரே வரி: 'இந்தப் பட்டியலைத் தயாரித்தவருக்கு எந்தப் பள்ளியோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.'

அந்த வரி அவருக்கு உயிர். மகள் மிருதுளா ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் நம்பர் பள்ளியில்தானே படித்தாள், அது உறவில் சேராதா என்று ஒருமுறை அவர் மனைவி சந்திரிகா கேட்டாள். "பீஸ் கட்டறோம், படிக்க வைக்கறோம். அரிசி வாங்கினா கடைக்காரர் சம்பந்தி ஆயிடுவாரா?" என்று மடக்கிவிட்டார். பதில் நன்றாகத்தான் இருந்தது. எந்தப் பதிலும் நமக்கு வலிக்காத வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஏப்ரலில் வலித்தது. மிருதுளா ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் பத்தொன்பது மார்க். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஏ.சி. அறையில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, தாளாளர் மிக மரியாதையாகத்தான் பேசினார்.

"ஃபெயில் போட மாட்டோம் சார். பாஸ்னு போட்டே டி.சி. தந்துடறோம். நீங்க வேற எங்கயாவது பத்தாவது சேர்த்துக்கோங்க."

"நாலு வருஷமா இங்கதானே சார் படிக்கறா?"

"சார், நீங்களே லிஸ்ட் போடறவர். உங்களுக்குத் தெரியாததா? ஒரு பிள்ளை ஃபெயிலானா எங்க நூறு பர்சென்ட் போச்சு. நாங்க ஒன்ல இருந்து எட்டுக்குப் போயிடுவோம். இறக்கறதும் நீங்கதானே? உங்க லிஸ்ட்டுக்காகத்தான் சார் இவ்வளவும்."

சிவகுமார் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்க்க எந்தப் பள்ளியும் தயாராக இல்லை. இரண்டு முதல் முப்பத்தேழு வரை எல்லா நம்பர்களுக்கும் ஏறி இறங்கினார். கணக்கு மார்க்கைப் பார்த்ததும் 'சீட் இல்லை' என்றார்கள். கடைசியில் முடிச்சூர்ப் பக்கம், ஏரிக்கரைப் பள்ளி என்று ஊரார் சொல்லும் அரசு உயர்நிலைப் பள்ளிதான் பாக்கி. அது முப்பத்தெட்டாம் நம்பர். அந்த நம்பரை ஆறு வருஷமாகத் தொடர்ந்து போட்டவர் அவர்தான். எந்த முகத்தோடு அந்த கேட்டுக்குள் நுழைவது?

தலைமையாசிரியை கோகிலவாணிக்கு அவரை நன்றாகவே தெரியும். வருஷா வருஷம் படிவத்தோடு வந்து, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று குறித்துக்கொண்டு போகிற மனிதரை மறக்க முடியுமா? அன்றைக்கு அந்த அம்மாள் லிஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் டி.சி. கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. மிருதுளாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முட்டை சாப்பிடுவியாம்மா?"

"சாப்பிடுவேன் மிஸ்."

"அப்ப சரி. ஸ்கூல் திறக்கற அன்னைக்கு வந்துடு."

மகள் அங்கே சேர்ந்த விஷயத்தை சிவகுமார் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, 'சொந்தக்காரங்க ஊர்ல படிக்கறா' என்று ஒரு பொய். அதே மே மாதம் பட்டியலும் வந்தது. பழக்க தோஷம், அதே மார்க் முறை, அதே ஒன்றாம் நம்பர், அதே முப்பத்தெட்டாம் நம்பர், அடியில் அதே கறுப்புக் கட்டம். டி.சி. மேஜை டிராயரில் இருந்தது. மேஜை மேல் இந்தப் பட்டியலை வைத்துத்தான் திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மிருதுளா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"எந்த ஸ்கூலோடயும் உறவு இல்லைன்னு போட்டிருக்கியே, அப்பா. அப்ப நான் எங்க படிக்கப் போறேன்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அந்த ஒரு வருஷமும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் அவரோடு சேர்ந்து சாப்பிட்டது, தூங்கியது.

ஏரிக்கரைப் பள்ளியில் மிருதுளாவுக்கு முதல் வாரமே ஒரு வேலை கொடுத்தார்கள். காலை மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய், வந்தவர் எத்தனை, சத்துணவு சாப்பிடுபவர் எத்தனை, அதில் முட்டை வேண்டாதவர் எத்தனை என்று கணக்கெடுத்து, சத்துணவுக்கூடத்துத் தனக்கோடி அக்காவிடம் சொல்ல வேண்டும். கணக்கு நோட்டைப் பார்த்தாலே வயிறு வலிக்கிற பெண்ணுக்கு முட்டைக் கணக்கு! முதல் நாள் இருபது முட்டை அதிகமாக வெந்துவிட்டது. இரண்டாம் நாள் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது. அந்தப் பன்னிரண்டு முகங்களையும் பார்த்தபிறகு மூன்றாம் நாள் கணக்கு தப்பவில்லை. அப்புறம் எப்போதும் தப்பவில்லை. எண் என்றால் பயம் இல்லை என்றானதும், கணக்கு ஆசிரியை ஷீலா டீச்சர் காலை எட்டு மணிக்கே அவளைப் போன்ற பதினெட்டுப் பேரைச் சேர்த்து உட்கார வைத்துவிட்டார்.

இந்த மே மாதம் ரிசல்ட் வந்தது. மிருதுளா 287. கணக்கில் 52. சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிளறினாள். சிவகுமார் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஐந்நூற்றுக்கு நானூற்றுத் தொண்ணூறு எடுத்தவர்களின் போட்டோவை வருஷா வருஷம் முதல் பக்கத்தில் போட்ட மனிதர், 287-க்கு அழுதார்.

மார்க் சான்றிதழ் வாங்க மகளோடு பள்ளிக்குப் போனபோது கேட்டிலேயே தனக்கோடி அக்கா பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், பொண்ணை கூட்டிக்கினு போப்போறியா? அது போனா எனக்கு யாரு கணக்கு சொல்லுவாங்க? ஒரு வருசமா ஒரு முட்டை வீணா போல சார். புலி சார் அது!"

உள்ளே கோகிலவாணி சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். கையெழுத்துப் போடுகையில் சிவகுமாரின் கண் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தது. 'முன்பு படித்த பள்ளி.' மிருதுளாவின் பெயருக்கு நேராக ஒன்றாம் நம்பரின் பெயர். அதற்கு மேலேயும் அதுவே. அதற்கும் மேலே இரண்டாம் நம்பர். அப்புறம் நான்காம் நம்பர். மறுபடி ஒன்று. போன ஜூனில் மட்டும் பத்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர். பட்டியலின் உச்சியிலிருந்த பள்ளிகள் தள்ளிவிட்ட பிள்ளைகள், பட்டியலின் அடியிலிருந்த பள்ளியில் வந்து விழுந்திருந்தார்கள்.

"இதுல எத்தனை பேர் டீச்சர் பாஸ்?"

"பதினஞ்சு. மத்த நாலு பேர் துணைத்தேர்வு எழுதறாங்க. ஷீலா டீச்சர் லீவுலயும் வராங்க."

சிவகுமார் வீட்டுக்குப் போகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற தன் ஒற்றை அறை ஆபீசுக்குப் போய்ப் பழைய படிவங்களை இறக்கினார். ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று அவர் வருஷா வருஷம் வாங்கிய கணக்கு அங்கேயே கட்டுக் கட்டாக இருந்தது. போன வருஷத்து ஒன்பதாம் வகுப்பையும் இந்த வருஷத்துப் பத்தாம் வகுப்பையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்பது வருஷமாக அவருக்குத் தோன்றவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார். ஒன்றாம் நம்பரில் ஒன்பதாவதில் இருந்தவர்கள் 131. தேர்வு எழுதியவர்கள் 104. நூற்று நாலும் பாஸ். இருபத்தேழு பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்காதது மட்டுமா? அவர்களை வெளியே தள்ளியதற்குத்தான் எழுபதுக்கு எழுபது போட்டார்.

உடனே மார்க் முறையை மாற்றினார். தேர்ச்சிக்கு நாற்பது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் பிள்ளைகளைக் கைவிடாமல் கூட்டிப் போனதற்கு முப்பது. காணாமல் போன பிள்ளை ஒன்றுக்கு ஒரு மார்க் கழிவு. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பேச்சே இல்லை, பிள்ளை பிள்ளைதான். கூட்டிப் பார்த்தால் ஒன்றாம் நம்பர் இருபத்தொன்றுக்கு இறங்கியது. ஏரிக்கரைப் பள்ளி முப்பத்தெட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறியது.

கடைசியாக அந்தக் கறுப்புக் கட்டம். பேனாவை எடுத்தார். உண்மையைப் போட்டால், 'பொண்ணு படிச்ச ஸ்கூலைத் தூக்கிவிட்டான்' என்பார்கள். ஒன்பது வருஷப் பெயர் ஒரே நாளில் போய்விடும். பள்ளிக்குக் கிடைத்த ஒன்பதாம் இடத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளியின் நன்மைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதே வரியை அப்படியே விட்டார். பயந்தவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை பட்டியல் வந்தது. வட்டாரமே அதிர்ந்தது. ஒன்றாம் நம்பர் தாளாளர் கடைசிப் பக்க விளம்பரத்தை நிறுத்திவிட்டார். புரோக்கர்கள் போனை எடுக்கவில்லை. மிருதுளா பத்திரிகையை முழுக்கப் படித்தாள். கறுப்புக் கட்டம் வரைக்கும் படித்தாள். மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை கோகிலவாணி ஆபீஸ் படியேறி வந்தார். கையில் துணிப்பை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து சிவகுமார் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார், எங்க ஸ்கூல் விஷயத்துல ஒரு தப்பு இருக்கு."

"என்ன டீச்சர்? குறைச்சுப் போட்டுட்டேனா?"

"கூடப் போட்டுட்டீங்க."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். "ஒன்பதாவதுல நாப்பத்திநாலு பேர். பத்தாவது எழுதினது அறுபத்தொண்ணு. கூடியிருக்கேன்னு முப்பதுக்கு முப்பது போட்டுட்டீங்க. ஆனா வெளியில இருந்து வந்தது பத்தொம்பது. கழிச்சுப் பாருங்க."

சிவகுமார் கழித்தார். நாற்பத்திரண்டு.

"ரெண்டு பேரைக் காணோம் சார். ஒருத்தி பேரு பட்டு. அவங்க அம்மா மார்க்கெட்ல மீன் வித்துட்டு இருந்தாங்க. இப்ப குடும்பத்தோட கடற்கரைக் குப்பத்துக்கே திரும்பிப் போயிட்டாங்க. தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு பொண்ணை நிறுத்திட்டாங்க. இன்னொருத்தன் பிரேம், திருமுடிவாக்கத்துல லேத்துப் பட்டறைக்குப் போறான். ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு தடவை போனேன். என்னால கூட்டிட்டு வர முடியலை."

"டீச்சர், அவங்களை நீங்க அனுப்பலையே. தானா நின்னவங்க."

"நின்னா என்ன, அனுப்பினா என்ன? பிள்ளை க்ளாஸ்ல இல்லை. மத்த ஸ்கூலுக்கு ஒரு அளவுகோல், எங்களுக்கு ஒண்ணா?"

"நீங்க சொல்லலைன்னா இது யாருக்குமே தெரியாது."

"பட்டுவுக்குத் தெரியும் சார்."

சிவகுமாருக்குத் தலை நிமிரவில்லை. கிடைத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க இந்த அம்மாள் வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அவரோ பத்து வார்த்தை எழுதப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"டீச்சர்," என்றார். "என் பொண்ணை நீங்க சேர்த்துக்கிட்டப்ப நான் ஒரு நன்றிகூடச் சொல்லலை. வெளியில சொல்ல வெட்கப்பட்டேன். உங்களால எனக்கு... எங்க வீட்டுக்கு... நீங்க பண்ணினது சின்ன உதவி இல்லை டீச்சர்."

"முட்டைக் கணக்கு பார்த்ததுக்கு நாங்கதான் அவளுக்கு நன்றி சொல்லணும்," என்று சிரித்தார் கோகிலவாணி. எழுந்தவர் படியில் நின்று திரும்பினார். "திருத்தம் போட்டீங்கன்னா எனக்கு ரெண்டு காப்பி எடுத்து வைங்க சார். சனிக்கிழமையே வந்து வாங்கிக்கறேன்."

சிவகுமார் அந்த வாரம் வெள்ளிக்கிழமையே பத்திரிகையை அச்சுக்கு அனுப்பினார். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், தங்கள் தெருவுக்கான கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவிழ்த்து, மேலேயிருந்த ஒன்றை எடுத்து மகளிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில், சாதனை மாணவர்களின் போட்டோ வருகிற இடத்தில் இப்படி இருந்தது:

'திருத்தம். ஏரிக்கரை அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பதாம் இடம் தந்தது தவறு. சரியான இடம் பன்னிரண்டு. அந்தப் பள்ளியிலும் இரண்டு பிள்ளைகள் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். இதை நமக்குச் சுட்டிக்காட்டியவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. அந்த இருவருக்கும் அங்கே இன்னும் இடம் இருக்கிறது.

இன்னொரு திருத்தம். இந்தப் பட்டியலைத் தயாரித்தவருக்கு எந்தப் பள்ளியோடும் உறவு இல்லை என்று போட்டது பொய். முதலிடப் பள்ளி அனுப்பிவிட்ட என் மகள் மிருதுளா, ஏரிக்கரைப் பள்ளியில் படித்து 287 மதிப்பெண் வாங்கித் தேறினாள். அந்தப் பள்ளிக்கு நானும் என் குடும்பமும் நன்றிக்கடன் பட்டவர்கள். இதைத் தெரிந்துகொண்டு பட்டியலை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். சிவகுமார், ஆசிரியர்.'

மிருதுளா ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"என்னங்க, ஊரெல்லாம் பேசுமே," என்றாள் சந்திரிகா. ஆனால் அவள் குரலில் பயம் இல்லை.

"பேசட்டும்."

மிருதுளா நிமிர்ந்தாள். "கணக்குல அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கலாம்பா."

எதற்காக அவளை வெளியே அனுப்பினார்களோ அதைத்தான் அவர் விட்டிருக்கிறார். அச்சானது அச்சானதுதான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, 287-க்குப் பக்கத்தில் 'கணக்கில் 52' என்று எழுதினார். மகள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவளும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சந்திரிகாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தங்கள் தெருவில் விழப்போகிற காப்பிகளிலாவது அந்த அம்பத்திரண்டு இருக்கட்டும் என்று மூவரும் எழுதினார்கள். சாம்பார் ஆறிப்போனது.

எழுதி முடித்ததும் மிருதுளா பழக்கத்தில் கட்டை எண்ணினாள். ஒருமுறை எண்ணி, சந்தேகப்பட்டு மறுபடியும் எண்ணினாள்.

"நூத்திருபது இருக்கணும்ல? ரெண்டு குறையுதுப்பா."

"குறையலைம்மா. உங்க மிஸ் காலையில பிரஸ்ஸுக்கே வந்து இதுலேர்ந்து ரெண்டு எடுத்துட்டுப் போனாங்க. ஒண்ணு பட்டு வீட்டுக்கு, ஒண்ணு லேத்துப் பட்டறைக்கு."

மிருதுளா தலையாட்டினாள். கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதி, அதற்குக் கீழே இன்னும் இரண்டு வர வேண்டும் என்றும் எழுதினாள்.